நிறுத்து என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு

ஜனவரி 11

உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்து ஊரையே எறும்பாகப் பார்க்கும் என் அக்காள் மகளுக்கு,

பல்செட் பேரரசன், ஆயிரம் பொக்கை வாய்களின் ஒரே காவலன், உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், என் தொப்பை நலத்துக்கும் ஒருபடி மேலே. அங்கே நீ, உன் அம்மா, உன் அம்மாவின் முழங்கால் வலி, மூவரும் சௌக்கியமா?

சேதி வந்து சேர்ந்தது. உன் அம்மா தொலைபேசியில் அழுத அழுகையில் இங்கே ரிசீவரிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாளி வைத்துப் பிடித்தேன். கிரேன் கேபினில் நீ உறைந்துபோய்விட்டாயாம். கான்கிரீட் பலகை அந்தரத்தில் தொங்க, உன் கை லீவரைப் பிடித்தபடி கல்லாகிவிட்டதாம். வேறொருவர் ஏறிவந்து பலகையை இறக்கினாராம். யாருக்கும் காயமில்லை, ஆனாலும் உன்னைக் கீழே இறக்கி, சாமான் அறையில் தலைக்கவசம் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்களாம்.

இதற்கா இத்தனை ஒப்பாரி? ஒரு போலீஸ் அதிகாரிக்கு நான் செய்து கொடுத்த பல்செட், அவர் தும்மிய தும்மலில் பறந்துபோய் எதிரே நின்ற கைதியின் காதைக் கவ்வியது. மூன்று மாதமாக வாய் திறக்காதவன் அந்த நொடியில் உண்மையைக் கக்கினான். விபத்து என்று ஊர் சொன்னது. வழக்கு முடிந்தது என்று நான் சொன்னேன்.

உன் பயம் என்கிற அந்தப் பொடிப்பயலை என்னிடம் அனுப்பு. ஒரே கடி.

தொலைபேசி வேண்டாம், கடிதமே எழுது. தொலைபேசியில் உன் அத்தை குறுக்கே பேசுவாள். கடிதத்தில் நான்தான் ராஜா.

பல் பலத்துடன்,
மாமா


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் உங்களை விசாரித்தது. அத்தைக்கு என் அன்பு.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஒரு விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. கூரை உத்தரங்கள் வந்து இறங்கும்வரைதான் எனக்குத் தவணை. அதற்குள் கம்பெனி நடத்தும் ‘அச்சம் அகற்றும் வகுப்பு’க்குப் போக வேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் நின்று, “எனக்குப் பயமில்லை” என்று சொன்னால்தான் கிரேன் சாவி. இல்லாவிட்டால் புது ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் காலம் முழுக்கத் தலைக்கவசம் எடுத்துக் கொடுப்பேன். இது எங்கள் தளமேலாளர் போட்ட சட்டம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டித்தலை. சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார்.

அந்தக் கேபின் எனக்கு வேண்டும் மாமா. ஒரு ஆள் கைநீட்டிப் படுக்க முடியாத கண்ணாடிப் பெட்டி அது. ஆனால் நான் வாங்கிக்கொண்ட இடம்; யாரும் கொடுத்ததில்லை.

பயத்தைத் துரத்த நானும் பார்க்கிறேன். துரத்தத் துரத்த இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

உங்கள்,
உச்சாணி


பிப்ரவரி 27

வீராங்கனைக்கு,

எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கிறதே என்று மிரளாதே. பேரரசர்கள் கைப்பட எழுதுவது வழக்கமில்லை என்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய சாமான் கடையில் ஒரு தட்டச்சு இயந்திரம் வாங்கினேன். யானை எடை. தூக்கிவந்தபோது தெருவே பள்ளமாகிவிட்டது.

நாங்கள் நலம். உனக்கு உடம்பு தேவலாமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இதென்ன, பயத்தைத் துரத்தப் பார்க்கிறாயாமே! பார்ப்பதாவது? கழுத்தில் கை வைத்துத் தள்ளு. வாசலில் பெருக்குமாற்றை மாட்டு. நம் பரம்பரையில் பயந்தவர் யார்? உன் தாத்தா இடியைப் பார்த்து, “கொஞ்சம் மெதுவா இடிக்கக் கூடாதா, மனுஷன் தூங்குறான்ல!” என்று அதட்டியவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் மின்னல் மட்டும்தான் வரும், சத்தம் வராது.

வகுப்புக்குப் போ. வென்று வா.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. வரிசை பக்கத்து ஊர்வரை நீள்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. நீங்கள் இருவரும் சுகமா? தட்டச்சு சரி, கையெழுத்துமா தட்டச்சில் போடுவார்கள்?

வகுப்புக்குப் போனேன். பாடம் எடுத்தவர் சென்ட்டில் முங்கி எழுந்து வந்திருந்தார். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, ஊதி, அதன்மேல் அவரவர் பயத்தை எழுதச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு ஊசி. “ஒண்ணு, ரெண்டு, மூணு! குத்துங்க!” படபடவென்று வெடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் பலூனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்மா குத்தலை?”

“பாவமா இருக்கு சார்.”

“அது உங்க எதிரிம்மா!”

“எதிரின்னா என்னை விட்டுட்டு ஓடிருக்கும் சார். இது விடவே மாட்டேங்குது.”

அறையே சிரித்தது. அவர் என்னை வெளியே போகச் சொன்னார். பலூனோடு போனேன். பேருந்தில் கண்டக்டரிடம், “இதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?” என்று கேட்டேன். அவர் பலூனைப் பார்த்தார், அதிலிருந்த எழுத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார். “மடியில வெச்சுக்கிட்டா வேணாம்” என்றார்.

நாளைக்குச் சட்டித்தலைக்குச் சேதி போகும். போகட்டும். என் வீட்டு ஆளைக் குத்தச் சொல்ல அவர்கள் யார்?

உங்கள்,
உச்சாணி


ஏப்ரல் 16

பலூன் பாதுகாவலருக்கு,

பலூனார் நலமா? அவருக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். எங்கள் சௌக்கியத்தில் குறையொன்றுமில்லை. தாமதத்துக்குக் காரணம் பேரரசின் அலுவல்கள்.

உன் கடிதத்தை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்ததில் பக்கத்து வீட்டு ஓடு நான்கு கழன்றது. ‘என் வீட்டு ஆள்’ என்று எழுதியிருக்கிறாயே, உன் வயிற்றுக்குள் என்ன கூட்டுக்குடித்தனமா? பயந்தவளுக்கு எந்த அறை? சமையல் யார் முறை? குளியலறைக்குச் சண்டை வருவதில்லையா? எனக்குள் அந்தத் தொல்லையே கிடையாது. உள்ளே ஒரே ஆள். அவரும் ராஜா. கதவைத் தட்டிப் பார், “இன்று தரிசனம் இல்லை” என்று பதில் வரும்.

தட்டச்சில் கையெழுத்துப் போட்டால் என்னவாம்? சூரியன் கையெழுத்தா போடுகிறது?

கடை அமோகம்.

மாமா


மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு அம்மாவும் சிரித்தாள். இங்கே நலம்.

கூட்டுக்குடித்தனம் என்று நீங்கள் கேலிக்குச் சொன்னீர்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. சாமான் அறையில் வேலை குறைவு. மதியத்தில் தலைக்கவசங்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணை மூடிப் பயத்தைக் கூப்பிட்டேன். அது வரவில்லை. முந்திக்கொண்டு வேறொருத்தி வந்தாள். திட்டுகிறவள். “வெட்கமா இல்லை? ஊரே சிரிச்சுது. நீயெல்லாம் எதுக்கு ஏறினே?” வழக்கமாக நான் அழுவேன், அல்லது பதிலுக்குத் திட்டுவேன். அன்றைக்கு, “இவ்வளவு கத்துறியே, தொண்டை வலிக்கலையா?” என்று கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். “நான் திட்டலைன்னா ஊர் திட்டும். அதுக்கு முன்னாடி நானே திட்டிட்டா வலி கம்மி” என்றாள். எனக்காகத்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள் மாமா, இத்தனை வருடமாக! “கொஞ்சம் உட்காரு” என்றேன். உட்கார்ந்தாள். போகவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் பயந்தவள் வந்தாள். “அன்னைக்கு என்ன பார்த்தே?” என்று கேட்டேன்.

“ரெண்டு கை” என்றாள்.

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. கீழே ஒரே ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும். எங்கள் சைகைக்கார அண்ணன் ‘இறக்கு’ என்று காட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் சட்டித்தலை குறுக்கே வந்து ‘தூக்கு’ என்று காட்டினார். இரண்டு கை, இரண்டு கட்டளை. பயந்தவள் லீவரைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பிறகு விடவே தெரியவில்லை. அது அவள் குறை, ஒப்புக்கொண்டாள். ஆனால் நிறுத்தியது குறையில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. ஆனால் ‘நிறுத்து’ என்று யார் கை காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். வழியில் போகிறவர் காட்டினாலும்தான். நிறுத்திவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். வெளியே இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்த உரிமையை உள்ளே இருக்கிறவளுக்கு மட்டும் ஏன் மறுத்தேன்? இப்போது அவளுக்கும் கொடுத்துவிட்டேன். கை காட்டலாம். லீவர் என்னிடம் இருக்கும்.

சட்டித்தலை முன்னால் ‘பயமில்லை’ என்று சொல்லமாட்டேன். முடிவு செய்துவிட்டேன்.

மாமா, ஒன்று கேட்கிறேன், சிரிக்காமல் சொல்லுங்கள். அத்தை எப்போதும் கடைசியில் இரண்டு வரி எழுதுவார். மூன்று கடிதமாகக் காணோம். உங்கள் கையெழுத்தும் காணோம். என்ன நடக்கிறது?

உங்கள்,
உச்சாணி


ஜூலை 3

கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் உன் மாமா நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று, “நான் ரொம்ப நல்லா இருக்கேன்னு நீயே எழுதிப் போட்டுடேன்” என்றார். எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

அவருக்கு வலது கை நடுங்குகிறது. மெழுகில் பல் செதுக்க முடியவில்லை. என்னிடம் சொல்லவில்லை. தினமும் சட்டை மாட்டி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதாகக் கிளம்புகிறார். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாரே என்று கொண்டுபோனேன். கடை பூட்டிக் கிடந்தது. பூட்டில் தூசி. திரும்பும் வழியில் பேருந்து நிலையத்து பெஞ்சில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்து அவர்கள் ஏறிப் போனதும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டார்.

நான் பேசாமல் வந்துவிட்டேன். டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் ஒரு நகைச்சுவை சொல்கிறார், நானும் சிரித்துத் தொலைக்கிறேன். அந்த இயந்திரத்தில் இடதுகை ஒற்றை விரலால்தான் உனக்குத் தட்டுகிறார். ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் ஆகிறது.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அத்தை


ஜூலை 12

மாமாவின் வாசலில் நிற்கும் கோமாளியாருக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் மாமாவுக்கு இல்லை, உங்களுக்கு. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சிறுவயதிலிருந்து உங்களைத் தெரியும். அப்பா போன வீட்டில் முதலில் என்னைச் சிரிக்க வைத்தது நீங்கள்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஓய்வே இல்லாமல் வேலை பார்க்கிறீர்கள். இப்போது இன்னும் அதிகமாகப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. வரிசை பக்கத்து ஊர்வரை நீள்கிறது என்று எழுதும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறது.

உங்களைப் போகச் சொல்லமாட்டேன். போகச் சொல்கிறவர்கள் வந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பின்னால் கதவுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்? யாரும் பார்த்துவிடக் கூடாது என்று யாரை இப்படிக் காவல் காக்கிறீர்கள்? அவர் ‘நிறுத்து’ என்று கை காட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

எனக்குப் பதில் வேண்டாம். அவரிடம் மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உச்சாணி


ஆகஸ்ட் 19

நான் நலம். எல்லோரும் நலம்.

பலூன் வித்தையெல்லாம் உன்னோடு வைத்துக்கொள். என்னை ஆராய்ச்சி செய்ய வேண்டாம். நான் பார்க்க வளர்ந்த பெண் எனக்கே கோமாளி என்று பெயர் வைக்கிறாள். கடை நன்றாக நடக்கிறது. என் கை

xxxxxxxxxxxxxxxxxxxx

என் கைவசம் வேலை நிறைய இருக்கிறது.

மாமா


செப்டம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. x அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. அது உங்களுடையது. நீங்கள் நலமென்று எழுதியிருக்கிறீர்கள், நானும் நலமென்று எழுதுகிறேன். அம்மா இன்று மாடிப்படி ஏறினாள்.

கூரை உத்தரங்கள் வந்துவிட்டன. நேற்று எல்லோரையும் கிரேன் அடியில் கூட்டினார்கள். சட்டித்தலை சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, “ம், சொல்லு” என்றார்.

“பயம் இருக்கு சார்” என்றேன்.

“என்னது?”

“பயம் இருக்கு. அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் ஏறுவேன். அன்னைக்கு அவதான் ரெண்டு கையைப் பார்த்தா. அதுல ஒண்ணு உங்க கை சார். அவ இல்லாம நான் மட்டும் ஏறணும்னா சாவியை நீங்களே வெச்சுக்கோங்க.”

திட்டுகிறவள் உள்ளே எழுந்து, ‘வேலை போச்சு, போ!’ என்று கத்தினாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். அப்படியே நின்றேன். சட்டித்தலை சைகைக்கார அண்ணனைப் பார்த்தார், என்ன சொல்கிறாய் என்பதுபோல.

“பயமே இல்லாத ஆள் தூக்குற பாரத்துக்குக் கீழ நான் நிக்க மாட்டேன் சார்” என்றார் அண்ணன். “எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு.”

சாவி என் கைக்கு வந்தது. கொடுத்தார் என்று சொல்ல முடியாது. எறிந்தார், நான் பிடித்தேன்.

முதல் உத்தரம் பாதி உயரம் வந்தபோது பயந்தவள் கை காட்டினாள். நிறுத்தினேன். சட்டித்தலை வாக்கி டாக்கியில், “ஏன் நிறுத்தினே?”

“நிறுத்துன்னு சொன்னாங்க சார்.”

“யாரு?”

“நம்ம ஆளுதான்.”

சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் பறந்து கம்பியில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். ‘சரியாத்தான் பார்த்தே. பைதான்’ என்றேன். இந்தமுறை அவளே லீவரை விட்டாள். தூக்கினேன். பொருத்தினேன்.

உங்கள்,
உச்சாணி


அக்டோபர் 22

அன்பு மருமகளே,

இந்தக் கையெழுத்தைப் பார்த்து மாமா குடித்துவிட்டு எழுதுகிறார் என்று நினைக்காதே. நிலநடுக்கமும் இல்லை. நடுங்குவது நான்தான். இந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. அவசரமில்லை, நீயும் மெல்லப் படி. நீ சுகமா? நான் சுகமில்லை. இப்படி ஒரு வரியை எழுதுவது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. எழுதியும் பூமி பிளக்கவில்லை. ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் இங்கே மூன்று குளம் வற்றியது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து (ஆமாம், கடையில் இல்லை) உன் கடிதத்துக்குக் கோமாளியார் சார்பில் காரசாரமாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒன்று சொன்னான், நான் எதிர்பார்க்கவேயில்லை. “எனக்குக் களைப்பா இருக்குப்பா” என்றான். சரி, உட்கார் என்றேன். கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ராஜா கீஜா ஒருவரும் இல்லை. ஒரு ஆள் மூலையில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “இந்தக் கை போயிட்டா நான் யாரு?” என்று கேட்டான். தெரியாது என்றே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பேருந்துகள் போயின, வந்தன.

வீட்டுக்குப் போய் உன் அத்தையிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள். “எப்பலேருந்து?” “உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடிலேருந்து” என்றாள். இத்தனை நாளும் என்னைவிடப் பெரிய நடிகையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

டாக்டரிடம் போனோம். உள்ளே நுழைந்ததும் கோமாளி எழுந்து ஒரு நகைச்சுவை சொன்னான். நல்ல நகைச்சுவை, டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு அவனை உட்காரச் சொல்லிவிட்டு, “கை நடுங்குது டாக்டர். பயமா இருக்கு” என்றேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார். அவனைக் காலிசெய்யச் சொல்கிறவர்களை அனுப்பச் சொன்னாயே, யாரும் வரவில்லை. வந்தால் நானே பார்த்துக்கொள்வேன். அவன் என் ஆள்.

போன வாரம் கடையைத் திறந்தேன். எதிர்த்தெருவில் என் பரம எதிரி ஒருத்தி பல்செட் கடை வைத்திருக்கிறாளே, நான் இவ்வளவு நாள் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தவள், அவளிடமே போய்க் கேட்டேன். இனி செதுக்குவது அவள், வாய் அளவெடுப்பதும் நிறம் பொருத்துவதும் நான். “ஒருத்தருக்கொருத்தர் குழிபறிச்சதுல ரெண்டு பேர் இடுப்பும் போச்சு, இனியாவது நிமிர்வோம்” என்றாள். அவள் பேச்சு எனக்கே சவால் விடும்போலிருக்கிறது.

இன்று காலை முதல் வாடிக்கையாளர். பெரிய மனிதர், பெரிய மீசை, பல் ஒன்றுகூட இல்லை. மெழுகுத் தட்டை அவர் வாயருகே கொண்டுபோனேன். தட்டு ஆடியது. அவர் கண் தட்டோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“கை நடுங்குதே?” என்றார்.

“ஆமா, நடுங்குது” என்றேன். “நீங்க வாயைத் திறங்க.”

திறந்தார்.

உன்,
மாமா

(அத்தை: இந்த இரண்டு வரி நான் எழுதுவது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறார். இருவரும் சாப்பிட்டோம். நீ சாப்பிட்டாயா?)